ஜோர்ஜ் புவாயோ: ஒரு பந்தயச் சாரதியின் வெற்றியும் தோல்வியும்

நிகழ்ந்து முடிந்தவற்றை அறிந்தவனாய் இருந்துகொண்டு அவற்றுக்கு முந்திய காலத்தை நோக்குவது வரலாற்று மாணவனுக்கு உள்ள வாய்ப்பு. அவனுக்கு நேரக்கூடிய பெரும் பிழைக்குக் காரணமும் அதுவே. பெரும்போர் ஒன்று பின்னர் மூண்டது என அறிந்தவன் அதற்கு முன் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சிகள் யாவற்றிலும் அப்போரின் நிழலைக் காண்கின்றான். அந்நிழல் உண்மையில் ஆங்கு வீழ்ந்திருந்ததா, அன்றிக் காண்பவன் கண்ணிலேயே உள்ளதா என ஆராய்தல் வேண்டும். 1914 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆந் திகதி பிரான்சு தேசத்து லியோன் நகரின் அருகே நடைபெற்ற மோட்டார்ப் பந்தயம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அதிலே தோல்வியுற்றவர் ஜோர்ஜ் புவாயோ என்னும் பிரெஞ்சுச் சாரதி. அவர் வரலாற்றை முதலிலிருந்து நோக்கினாலன்றி அத்தோல்வியின் பொருள் நமக்கு விளங்காது.

மோட்டார்ப் பந்தயம் பிரான்சிலே பிறந்து வளர்ந்த ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரிலிருந்து பிற நகரங்களுக்கு ஓடிய பந்தயங்களே அதன் தொடக்கம். 1900 இல் தொடங்கிய கோர்டன் பென்னற் கிண்ணப் பந்தயத்தில் ஒரு நாட்டுக்கு மூன்று வண்டிகளே அனுமதிக்கப்பட்டன. மோட்டார் வண்டி செய்வோர் மிகப் பலராயிருந்த பிரான்சுக்கும், ஒருவர் இருவரே இருந்த நாட்டுக்கும் ஒரே அளவு இடம் என்ற இவ்விதி பிரெஞ்சுக்காரருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஆகவே பிரெஞ்சு மோட்டார்க் கழகம் 1906 இல் லெ மான் நகரில் 'கிராண்ட் பிறி' என்னும் பெரும்பரிசுப் பந்தயத்தைத் தானே ஏற்படுத்தியது. அம்முதலாண்டில் றெனோ என்னும் பிரெஞ்சு வண்டி வென்றது. 1907 இல் இத்தாலியப் பியட் வண்டி வென்றது. 1908 இல் தியெப் நகரில் யேர்மனியின் மெர்சிடிஸ் வண்டியில் கிறிஸ்தியான் லவுட்டன்ஷ்லாகர் என்பவர் முதலாவதாக வந்தார். இரண்டாம் மூன்றாம் இடங்களையும் யேர்மனியின் பென்ஸ் வண்டிகளே பெற்றன. தம் வீட்டு விருந்திலே பிறர் உண்டு செல்லத் தாம் பசித்திருந்த நிலை பிரெஞ்சு உற்பத்தியாளர்க்கு உண்டாயிற்று. அவர்கள் பந்தயத்திலிருந்து விலகினர். 1909 முதல் 1911 வரை மூன்றாண்டுகள் கிராண்ட் பிறி நடைபெறவேயில்லை.

புவாயோ தோன்றிய சூழ்நிலை இதுவே. அவர் 1884 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3 ஆந் திகதி கிழக்குப் பிரான்சில், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அணித்தாயுள்ள வாலந்தீஞ்ஞே என்னும் ஊரிற் பிறந்தார். வாள், கோப்பி அரைக்கும் இயந்திரம், துவிச்சக்கர வண்டி ஆகியன செய்து, பின்னர் மோட்டார் வண்டியும் செய்யத் தொடங்கிய பீஜோ குடும்பத்தாரின் ஆலைகள் இருந்த வட்டாரம் அது. புவாயோ எஞ்சின் தொழில் பயின்றவர். 1908 இல் பந்தயத்துறையிற் புகுந்தார். பெரிய பந்தயங்கள் நின்றுபோன அக்காலத்தில் சிறிய வண்டிகளுக்கான பந்தயங்களே அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

அச்சிறு வண்டிப் பந்தயங்களின் விதி ஒன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். எஞ்சினின் உருளைக்கு இவ்வளவு அகலமே இருக்கலாம் என்று விதி வரையறுத்தது; உயரத்தைப் பற்றி அது வாளாவிருந்தது. ஆகவே உருளைகள் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே சென்றன. எஞ்சின் மூடி சாரதியின் கண்களை மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. விதியின் சொல்லைக் காத்து அதன் கருத்தைக் கைவிட்ட இவ்வேடிக்கையான வண்டிகளைச் செலுத்தியே புவாயோவும், அவர் தோழர் ஜூல் கூ என்பவரும் தேர்ச்சி பெற்றனர். ஓர் எஞ்சினிலிருந்து எவ்வளவு வலுவைப் பெறலாம், எவ்விடத்தில் அது முறியும் என்பதைக் கையினாலும் செவியினாலும் அறிந்தவர்கள் அவர்கள்.

1911 ஆம் ஆண்டளவில் மீண்டும் கிராண்ட் பிறி நடத்தும் எண்ணம் தலையெடுத்தபோது, புவாயோவும் கூவும், முன்பு இசுப்பானிய இசுவிசா வண்டியைச் செலுத்திப் பீஜோ வண்டிகளை வென்றவரான பாவோலோ சுக்கரெல்லி என்னும் இத்தாலியரும், எர்னெஸ்ட் ஹென்றி என்னும் சுவிட்சர்லாந்து வரைபடக் கலைஞரும் ஒன்றுகூடினர். புதிய பந்தய வண்டியொன்றைத் தாமே ஆக்கித் தருவதாகக் கூறி றொபேர் பீஜோவின் ஆதரவைப் பெற்றனர். ஆலையின் வரைபட அலுவலகத்தில் இருந்த எஞ்சினியர்களுக்கு இஃது எரிச்சலை ஊட்டியது. பெருங் கல்லூரிகளிற் பயின்று வந்த தமக்கு வண்டியோட்டிகளா வழிகாட்டுவது என அவர்கள் கருதினர். அந்நால்வருக்கும் அவர்கள் இட்ட பெயர் 'சார்லத்தான்கள்' என்பது. போலிப் பண்டிதர் என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

அப்போலிப் பண்டிதர் செய்த எஞ்சின் யாது? அந்நாள் வரை வலு வேண்டுமாயின் எஞ்சினைப் பெரிதாக்குவதே வழக்கம். பியட் வண்டியின் எஞ்சின் 14 லீற்றருக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. பீஜோவின் புதிய எஞ்சினோ 7.6 லீற்றர் மட்டுமே. ஆயின் அதிலே ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகள் இருந்தன. உட்செல்லும் வாயுவுக்கு இரண்டும் வெளிச்செல்லும் புகைக்கு இரண்டுமாக அவை சாய்வாக அமைந்திருந்தன. உருளைகளின் தலைக்கு மேலே ஓடிய இரண்டு சுழல்தண்டுகள் அவற்றைத் திறந்து மூடின. பெரிய கதவு ஒன்றினும் சிறிய கதவுகள் இரண்டு விரைவாகத் திறந்து மூடும் என்பதை யாவரும் அறிவர். எஞ்சின் எளிதாக மூச்சுவிட்டது. ஆகவே விரைவாகச் சுழன்றது. ஆகவே சிறியதாயிருந்தும் பெரியதற்கு ஈடான வலுவைத் தந்தது. இவ்வுறுப்புகளுட் சில தனித்தனியே முன்னரும் பிறரால் முயலப்பட்டவைதாம். அவற்றை ஓர் எஞ்சினில் ஒருங்கு சேர்த்து வெற்றி கண்டமையே இந்நால்வரின் புதுமை.

இவ்வமைப்புக்கு உரியவர் யார் என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹென்றியே என்பர் ஒருசாரார். சுக்கரெல்லி தாம் முன்னிருந்த நிறுவனத்திலிருந்து கொணர்ந்த கருத்துகளும் இதிற் கலந்தன என்பர் பிறிதொரு சாரார். வரைந்தவர் ஹென்றி என்பது தெளிவு. ஆயின் முறியும் இடத்தை அறிந்தவர் சொல்ல, வரையத் தெரிந்தவர் வரைந்தார் எனக் கொள்வதே நால்வரின் கூட்டுழைப்புக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

சோதனை 1912 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆம், 26 ஆந் திகதிகளிலே தியெப் நகரில் வந்தது. நான்காண்டுகளுக்கு முன் பிரான்சு தலைகுனிந்த அதே களம். ஏறத்தாழ 77 கிலோமீற்றர் நீளமான சுற்றினை நாளொன்றுக்குப் பத்து முறையாக இரு நாள்களில் இருபது முறை ஓடுதல் வேண்டும். எஞ்சின் அளவுக்கு வரம்பு இருக்கவில்லை. முதல்நாள் முடிவில் பியட் வண்டியைச் செலுத்திய டேவிட் புரூஸ்-பிரவுண் என்னும் அமெரிக்க இளைஞரே முன்னணியில் நின்றார். புவாயோ அவருக்குச் சுமார் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தார். இரண்டாம் நாள் புரூஸ்-பிரவுண் குறித்த நிலையத்துக்கு வெளியே பெற்றோல் நிரப்ப நேர்ந்தமையால் விலக்கப்பட்டார். சுக்கரெல்லியும் கூவும் ஏலவே நீங்கியிருந்தனர். பீஜோ வண்டிகளுள் எஞ்சியது புவாயோவினது ஒன்றே. ஏறத்தாழ 14 மணித்தியாலங்கள் செலுத்தி அவர் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக, சுமார் 13 நிமிடம் பிந்தி வந்தவர் பியட் வண்டியைச் செலுத்திய லூயி வாக்னர். இவர் பிரெஞ்சுக்காரர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. பின்னர் இவரை மீண்டும் சந்திப்போம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களை 3 லீற்றர் எஞ்சினே உடைய ஆங்கிலச் சன்பீம் வண்டிகள் பெற்றன. பேரெஞ்சின்களின் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. போலிப் பண்டிதர் என்ற பெயர் அன்று முதல் இகழ்ச்சிப் பெயராக இல்லாது பாராட்டுப் பெயராக மாறியது.

1913 ஆம் ஆண்டு அக்குழுவினர்க்குப் புகழையும் துயரையும் ஒருங்கே தந்தது. மே மாத இறுதியில் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில் கூ வென்றார். யூன் மாதத்தில் நோர்மண்டியின் பொதுவீதியொன்றில் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்த சுக்கரெல்லி, குறுக்கே வந்த வண்டிலொன்றின் மீது மோதி இறந்தார். சில வாரங்களில், யூலை மாதம் 12 ஆந் திகதி, அமியேன் நகரில் கிராண்ட் பிறி நடைபெற்றது. இம்முறை விதி எரிபொருளை வரையறுத்தது: 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றர் மட்டுமே. எஞ்சின் 5.6 லீற்றராகக் குறைக்கப்பட்டிருந்தது. தெலாஜ் வண்டியைச் செலுத்திய ஆல்பேர் கியோ முன்னணியில் நின்றபோது ரயர் வெடித்தது. அவர் உதவியாளர் வண்டி நிற்குமுன் குதித்து அதனடியிற் சிக்கிக் காயமுற்றார். அத்தாமதத்தால் முதலிடம் பீஜோவினரைச் சார்ந்தது. 900 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்தூரத்தை எட்டு மணித்தியாலத்துக்குள் ஓடிப் புவாயோ முதலாவதாகவும், அவருக்குச் சில நிமிடம் பிந்திக் கூ இரண்டாவதாகவும் வந்தனர். பிரெஞ்சுக் கிராண்ட் பிறியில் இருமுறை வென்ற முதல்வர் புவாயோவே. வெற்றியிலே நல்லூழுக்கும் பங்கிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறர் தடுமாறிய வேளை தாம் தடுமாறாது நின்றமை அவருக்கே உரிய திறமையாகும்.

பெரிய மீசையும் பகட்டான நடையும் உடைய புவாயோ இப்பொழுது பிரெஞ்சு மக்களின் கண்மணியானார். பட்டறையிலிருந்து வந்தவர் ஒருவர் நாட்டின் பெருமைக்கே சின்னமாக உயர்த்தப்பட்டார். இவ்வுயர்வு அவருக்கு இன்பம் தந்திருக்கும், சுமையும் தந்திருக்கும். ஏனெனில் மக்கள் ஒருவனைத் தமது சின்னமாகக் கொண்டபின் அவன் தனக்காகத் தோற்கும் உரிமையை இழந்துவிடுகின்றான்.

1914 ஆம் ஆண்டுக் கிராண்ட் பிறி லியோன் நகருக்குத் தெற்கே, 37.6 கிலோமீற்றர் நீளமான மலைப்பாங்கான சுற்றில் நடைபெறுவதாயிற்று. இருபது சுற்றுகள்; மொத்தம் 752 கிலோமீற்றர். எஞ்சின் 4.5 லீற்றருக்கு மேற்படலாகாது என்பது விதி. பீஜோ வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் பிறேக்கு அமைந்திருந்தது. இஃது அக்காலத்திற் பெரும்புதுமை. மெர்சிடிஸ் வண்டிகளில் பின்சில்லுகளுக்கு மட்டுமே பிறேக்கு இருந்தது. ஆகவே கருவிச் சிறப்பால் பிரெஞ்சுக்காரர் தாழ்ந்தவரல்லர். வேறுபாடு பிறிதோரிடத்தில் இருந்தது. மெர்சிடிஸ் நிறுவனத்தார் மாதங்கள் பலவற்றின் முன்னரே வந்து வீதியின் ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ஆராய்ந்தனர். அதற்கேற்பப் பற்சில்லுகளைத் தெரிந்தனர். ரயர்களின் தேய்வைக் கணக்கிட்டனர். விமான எஞ்சின் ஆக்கத்திற் பெற்ற அறிவினை வண்டி எஞ்சினிற் பயன்படுத்தினர். ஐந்து வண்டிகளை அனுப்பினர். பீஜோவினர் அனுப்பியவை மூன்று.

பந்தய நாளன்று 37 வண்டிகள் புறப்பட்டன. இரண்டிரண்டாக, அரை நிமிட இடைவெளியில் அவை விடப்பட்டன. எனவே வீதியில் முன்னே செல்பவரே முதல்வர் என்பதில்லை. ஓடிய நேரத்தைக் கணக்கிட்டே முறை தீர்க்கப்படும். தொடக்கத்தில் மாக்ஸ் சைலர் என்னும் மெர்சிடிஸ் சாரதி மிக விரைந்தோடி முன்னணி பெற்று, ஆறாஞ் சுற்றில் எஞ்சின் பழுதுற்று நீங்கினார். புவாயோவைத் துரத்தி அவர் வண்டியைக் களைப்பிப்பதற்காகவே சைலர் அவ்வாறு ஏவப்பட்டார் எனப் பின்னர் பலர் எழுதினர். அவ்வாறன்று என்போரும் உளர். எவ்வாறாயினும் சைலர் நீங்கியதும் முன்னணி புவாயோவினது ஆயிற்று. அதனை அவர் பன்னிரண்டு சுற்றுகள் காத்தார். அவருடைய ரயர்கள் மீண்டும் மீண்டும் கெட்டன. ஒவ்வொரு முறையும் நின்று மாற்றி, இழந்த நேரத்தை வண்டியை வருத்தி மீட்டார். லவுட்டன்ஷ்லாகரோ ஒரே முறை ரயர் மாற்றி, அமைதியாக நெருங்கி வந்தார். பதினெட்டாஞ் சுற்றில் கணக்கு மாறியது. மெர்சிடிஸ் முன்னே நின்றது. கடைசிச் சுற்றிலே புவாயோவின் எஞ்சின் முறிந்தது. மேடைகளில் இருந்தோர் காத்திருந்தனர், அவர் வரவில்லை. லவுட்டன்ஷ்லாகர், வாக்னர், ஓட்டோ சால்ட்சர் என மெர்சிடிஸ் சாரதிகள் மூவர் முதல் மூன்றிடங்களைப் பெற்றனர். கூ நான்காவதாக வந்தார். வென்றவரைப் பெருங்கூட்டம் மௌனத்துடன் வரவேற்றது என்பர்.

இதற்கு ஆறு நாள் முன்னர், யூன் 28 இல், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டிருந்தார். ஆகஸ்டு 3 இல், புவாயோவின் முப்பதாவது பிறந்தநாளன்று, யேர்மனி பிரான்சின்மீது போர் தொடுத்தது. ஆகவே லியோன் பந்தயத்தைப் போரின் முன்னறிவிப்பாகவும், ஒழுங்கமைந்த யேர்மனியர் முன் தனித்து நின்ற பிரெஞ்சு வீரன் வீழ்ந்த காட்சியாகவும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு இனிய கதை. ஆயின் சான்றுகள் அதற்கு இடந்தருகின்றனவா?

முதலாவது, மெர்சிடிஸ் வண்டியில் இரண்டாவதாக வந்த வாக்னர், தியெப்பில் நாம் சந்தித்த அதே பிரெஞ்சுக்காரர். ஐந்து சாரதிகளுள் மற்றொருவரான தியோடோர் பிலெத் பெல்ஜியத்தவர். ஆகவே அஃது யேர்மானியப் படையன்று. ஒரு நிறுவனத்தின் குழு. இரண்டாவது, வென்ற லவுட்டன்ஷ்லாகரும் புவாயோவைப் போலவே பட்டறையிலிருந்து உயர்ந்த தொழிலாளி. இருவரையும் பிரித்தது எல்லைக்கோடேயன்றி வாழ்க்கை நிலையன்று. மூன்றாவது, பந்தயம் போரை முன்னறிவித்தது எனின் போரின் முடிவையும் முன்னறிவித்திருத்தல் வேண்டும். 1918 இல் தோற்றது யேர்மனி.

அவ்வாறாயின் லியோன் நமக்கு உணர்த்துவது யாது? 1912 இல் புவாயோ வென்றது உடலாற் பெரிய எஞ்சினைச் சிந்தனையால் வென்ற வெற்றி. தம் அனுபவத்தை மதித்து, பிறர் நகைப்பைப் பொருட்படுத்தாது, முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தமையால் வந்த வெற்றி. 1914 இல் மெர்சிடிஸ் நிறுவனத்தார் செய்ததும் அதுவேயன்றி வேறன்று. போலிப் பண்டிதர் உலகுக்குக் கற்பித்த பாடத்தைப் பிறர் நன்கு கற்றுக்கொண்டனர். கற்பித்தவரோ இரண்டு வெற்றிகளின் பின் ஒரு மனிதனின் துணிவையே மிகுதியாக நம்பிவிட்டனர். துணிவு ரயரைக் காக்காது. புவாயோவை வென்றது புவாயோவின் முறையே எனலாம்.

போர் மூண்டபோது புவாயோ படையிற் சேர்ந்தார். தொடக்கத்திற் சேனாதிபதி ஜோபருக்குச் சாரதியாயிருந்தார் என்பர். பின்னர் விமானப் படைக்குச் சென்றார். 1916 மே மாதத்தில், வெர்தன் போர் நடந்துகொண்டிருந்த காலை, யேர்மன் விமானங்களுடன் வானிற் பொருது வீழ்த்தப்பட்டு இறந்தார். அப்பொழுது வயது 31. அவரை வென்ற லவுட்டன்ஷ்லாகர் 1954 வரை வாழ்ந்தார்.

அவர் தம்பி ஆந்திரே புவாயோ 1919 இல் சிசிலித் தீவின் தார்கா புளோறியோப் பந்தயத்தில் பீஜோ வண்டியிலேயே வென்று, 1932 இல் பந்தயப் பயிற்சியின்போது இறந்தார். புவாயோவின் பெயரால் ஒரு கிண்ணப் பந்தயம் 1921 முதல் 1928 வரை புலோன் நகரில் நடைபெற்றது. ஆயினும் அவருக்கு உண்மையான நினைவுச்சின்னம் வேறு. அவர்கள் நால்வரும் ஆக்கிய எஞ்சினமைப்பை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பார்த்துச் செய்தனர். இந்தியானாபோலிசில் 1916 இலும் 1919 இலும் வென்றவை பீஜோ வண்டிகளே. அமெரிக்காவில் ஒரு பீஜோ எஞ்சினைப் பழுதுபார்த்த அனுபவத்திலிருந்தே மில்லர் எஞ்சினும், அதன் வழியில் ஒபென்ஹவுசர் எஞ்சினும் தோன்றின. மேலே இரண்டு சுழல்தண்டுகள், உருளைக்கு நான்கு வால்வுகள் என்னும் அம்முறை இன்று சாதாரண குடும்பங்கள் செலுத்தும் வண்டிகளிலும் காணப்படுகின்றது.

மாணவர் இவ்வரலாற்றிலிருந்து இரண்டினை மனங்கொள்ளலாம். பட்டறையில் நின்று கையழுக்காகக் கற்றவன் கூறுவதைப் பட்டம் பெற்றவன் நகைத்துத் தள்ளலாகாது என்பது ஒன்று. ஒரு மனிதன் வாழ்வை அதன் இறுதிச் சுற்றைக் கொண்டு மட்டும் அளத்தலும், பின்னர் வந்ததை முன்னர் நிகழ்ந்ததன்மேல் ஏற்றிக் கூறுதலும் வரலாறாகா என்பது மற்றொன்று. லியோன் மேடையில் அன்று காத்திருந்தோர் போரை அறியார். அவர்கள் அறிந்ததெல்லாம், தாம் நேசித்த வண்டி இன்னும் வந்து சேரவில்லை என்பதே. அவர்கள் நின்ற இடத்தில் நாமும் ஒருகணம் நின்று பார்த்தலே வரலாற்றுக் கல்வியின் முதற்படியாகும்.